மலயின்கீழில் கோத்த பக்கம்

தங்கை மகள் நாகர்கோவிலிலிருந்து போன் செய்தாள். வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். முதல் கட்டுரையை எழுதி முடித்திருக்கிறாள். அனுப்புவதற்காக எல்சேவியர் இதழ்களுக்கான வார்ப்புருவை, அவள் மொழியில் டெம்ப்ளேட்டை, இறக்கித் திறந்து பார்த்தால், கட்டுரையாளர் முகவரி வரவேண்டிய இடத்தில் மாதிரிக்கென்று ஒரு முகவரி உட்கார்ந்திருக்கிறது. “மாமா, ஜகதி, ட்ரிவாண்ட்ரம் 695014-ன்னு போட்டிருக்கு. உங்க வீட்டுப் பக்கத்துல உள்ள ஜகதிதானா?”

அதே ஜகதிதான். கூடவே இன்னொரு முகவரியும் இருந்தது: மேப்புக்கடை, மலயின்கீழ், திருவனந்தபுரம் 695571. கம்பெனியோ ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஆய்விதழ் வியாபாரத்தில் உலகத்திலேயே பெரிய கை. அதன் மாதிரிப் பக்கத்தில் நம் காட்டாக்கடை ரோட்டு ஊர் எப்படி ஏறியது என்று அவளுக்கு ஆச்சரியம்.

இந்த மலரைக் கொண்டுவரும் குழுவார் திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனங்களின் வெளியீட்டு வரலாற்றை எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் வரலாற்றாசிரியன் அல்லன். ஒரு ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் பருவ இதழ்ப் பிரிவில் உட்கார்ந்து தலைநரைத்து ஓய்வு பெற்றவன். எந்த நுனியைப் பிடித்து இழுப்பது என்று தெரியாமல் இருந்தவனுக்கு அந்த போன் நுனியை எடுத்துக் கொடுத்தது. மற்றவர்கள் படிக்கிற பக்கத்தை இந்த ஊர் நூறு வருஷத்துக்கு மேலாகக் கோத்துக் கொடுத்து வருகிறது. கோத்த பக்கத்துக்கு விலை போடுகிற கை எங்கே இருந்தது என்பதைப் பார்த்துக்கொண்டே போனால் பாதி வரலாறு தானாக வந்துவிடும்.

ஓலையும் அரசு அச்சகமும்

தொடக்கத்தில் அந்தக் கை அரண்மனைக் கை. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1905-இல், திருவனந்தபுரம் சம்ஸ்கிருத வரிசையின் முதல் நூல் வெளிவந்தது. பதிப்பாசிரியர் மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரி. திருநெல்வேலிச் சீமையில் தருவை என்ற ஊரில் 1860-இல் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசு சுவடிப் பதிப்புக்கென்றே ஒரு இலாகாவை வைத்து அவரை அதற்குப் பொறுப்பாளர் ஆக்கியது. சம்பளம் கஜானாவிலிருந்து, அச்சு அரசு அச்சகத்தில், புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் மகாராஜா அரசின் பேர்.

1909-இல் சுவடி தேடிப் போன சுற்றுப்பயணத்தில், பத்மநாபபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மணலிக்கரை மடத்தில் அவருக்கு ஒரு ஓலைக்கட்டு கிடைத்தது. மலையாள எழுத்தில் எழுதப்பட்ட சமஸ்கிருத நாடகங்கள். பேர் மட்டும் தெரிந்து நூல் தெரியாமல் இருந்த பாசனுடையவை அவை என்று சாஸ்திரி முடிவு கட்டினார். 1912-இல் சொப்பனவாசவதத்தம் அச்சாகியது. அடுத்தடுத்து மற்றவை, மொத்தம் பதின்மூன்று நாடகங்கள். மணலிக்கரை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிற வழி.

அவை பாசனுடையவைதானா என்று பிறகு பெரிய சண்டை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பண்டிதர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கு நின்றார்கள். சாஸ்திரி சொன்னதை முழுக்க ஏற்றவர்களும் உண்டு, பாதி ஏற்றவர்களும் உண்டு, நடிகர்கள் வெட்டி ஒட்டிய பிரதிகள் என்றவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. ஆனால் சண்டை நடந்ததே என்பதில்தான் என் கவனம். ஓலை மடத்தின் பரணிலேயே இருந்திருந்தால் சண்டை கிடையாது. அச்சாகி, யாரும் வாங்கக்கூடிய விலையில் வெளியே போனதால்தான் எங்கோ இருக்கிற பேராசிரியருக்கு “நீர் சொல்வது தப்பு” என்று சாஸ்திரிக்கு எதிராக எழுத முடிந்தது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தையும் சாஸ்திரி தம் சொந்த உரையோடு 1924, 1925-இல் இதே வரிசையில் கொண்டுவந்தார். உரைக்கு மகாராஜா பேரால் ஸ்ரீமூலா என்று பேர் வைத்தார். செலவு செய்தவர் பேர் உரையில் ஏறுவது அந்தக் காலத்து நன்றிக்கடன். 1926-இல் அவர் மறைந்த பிறகும் வரிசை நிற்கவில்லை. நீலகண்ட சோமயாஜியின் ஆர்யபடீய பாஷ்யம் 1930-இல் தொடங்கி வெளிவந்தது. அவருடைய தந்திரசங்கிரகம் 1958-இல். கேரளத்துக் கணித மரபைப் பற்றி இன்று உலகம் பேசுகிறதென்றால், பேசுகிறவர்களின் மேசையில் இந்த வரிசையின் பழுப்பேறிய அட்டைகள் கட்டாயம் இருக்கும். முதலீட்டைத் திரும்ப எடுக்கும் கணக்கு யாராவது அப்போது போட்டிருந்தால் நீலகண்டர் இன்னும் ஓலையில்தான் இருந்திருப்பார்.

அதே கஜானாச் செலவில் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையும் வந்தது. து. அ. கோபிநாத ராவ் தொடங்கி வைத்தது. வட்டெழுத்திலும் தமிழிலும் உள்ள வேணாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றுக்கு இன்றும் அதுதான் மூலம். 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தபின் சுவடிகள் அதன் பொறுப்புக்கு வந்தன. இன்று காரியவட்டம் வளாகத்தில் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமுமாக நிற்கிறது அந்தப் பழைய இலாகா. பழைய பதிப்புகளை வருடி இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். தருவையில் இருக்கிற பள்ளிக்கூடப் பையன்கூடத் தன் ஊர்க்காரர் பதிப்பித்ததைச் செல்போனில் புரட்டலாம்.

கார்டெக்ஸ் பெட்டி

நான் வேலைக்குச் சேர்ந்தது 1979-இல். எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இப்போது இருக்கிற பிள்ளைகளுக்குச் சங்கடம். என் மேசையில் கார்டெக்ஸ் என்ற இரும்புப் பெட்டி. இழுப்பறை இழுப்பறையாக அட்டைகள். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு அட்டை. இதழ் வந்ததும் அந்த மாதக் கட்டத்தில் டிக் போடவேண்டும். கப்பல் தபாலில் வருகிற இதழ் நான்கு மாதம் கழித்து வரும், சிலது வராது. வராததற்கு ரிமைண்டர் அடிக்கவேண்டும். ஜனவரி இதழுக்கு ஆகஸ்டில் ரிமைண்டர் அடித்து, அது போய்ச் சேர்வதற்குள், “கோரிக்கை காலம் கடந்தது” என்ற பதில் தயாராக இருக்கும்.

வருகிற இதழைப் பார்த்ததும் விஞ்ஞானிகள் செய்கிற முதல் வேலை ரீபிரிண்ட் கார்டு எழுதுவது. தம் நூலகத்தில் இல்லாத இதழில் ஒரு கட்டுரை இருப்பது தெரிந்தால் எழுதியவருக்கே ஒரு தபால் அட்டை: தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பி உதவவும். அநேகமாக எல்லாரும் அனுப்பினார்கள், தங்கள் கைக்காசில் தபால் தலை ஒட்டி. எங்கள் ஆபீஸ் பையன் அந்த உறைகளுக்காகவே காத்திருப்பான். உலகத்துத் தபால் தலை முழுக்க அவனிடம்தான். எழுதியவனுக்குப் படிக்கப்படவேண்டும் என்ற ஆசை, படிப்பவனுக்குப் படிக்கவேண்டும் என்ற ஆசை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தபால் தலைதான் செலவு. இந்த வியாபாரத்தின் ரகசியம் முழுவதும் அந்த அட்டையிலேயே இருந்ததென்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் மிளகு விலை கூடுதல் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். ஆய்விதழில் அது நடக்காது. ஒரு கட்டுரை ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக வேறொரு கட்டுரையைப் படித்து ஆறுதல் அடைய முடியாது. இதில் இன்னொரு விசித்திரம். இந்த இதழ் வேண்டும் என்று கேட்பவர் பேராசிரியர், அவர் காசு கொடுப்பதில்லை. காசு கொடுப்பது நூலகம், அது படிப்பதில்லை. கட்டுரை எழுதுபவருக்குக் கூலி இல்லை, அதைச் சரிபார்த்துக் கருத்துச் சொல்லும் நடுவருக்கும் கூலி இல்லை. உப்பு, புளி, மிளகாய் எல்லாம் நம் வீட்டிலிருந்து கொடுத்து, ஆக்கிக் கொடுத்தவருக்கும் சம்பளம் கொடுக்காமல், சாப்பாட்டை மட்டும் நம்மிடமே விலைக்கு விற்கிற ஓட்டல் இது. இதை முதலில் கண்டுபிடித்துச் சக்கைப்போடு போட்டவர் பெர்கமான் பதிப்பகத்தை நடத்திய ராபர்ட் மாக்ஸ்வெல். போருக்குப் பின் அறிவியல் கிளைவிட்ட ஒவ்வொரு கிளைக்கும் ஒரு புது இதழ் தொடங்கிக்கொண்டே போனார். நூலகங்கள் சந்தா கட்டிக்கொண்டே போயின.

நம் ஊர் நூலகங்களுக்கு விலையோடு ரூபாயும் சேர்ந்து எமனாக வந்தது. 1966 ஜூனில் ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து 7 ரூபாய் 50 பைசாவுக்கு ஏறியதை எனக்கு முந்தினவர்கள் சொல்லிப் புலம்புவார்கள். நான் கண்ணால் பார்த்தது 1991. அந்த ஜூலையில் இரண்டே தவணையில் ரூபாயின் மதிப்பைச் சரித்தார்கள். டாலருக்கு இத்தனை ரூபாய் என்று புத்தக வியாபாரிகள் போடும் ஜிஓசி ரேட் பட்டியல் வந்தபோது எங்கள் நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பட்ஜெட் அதே பட்ஜெட். இன்வாய்ஸ் மட்டும் வீங்கி வந்தது. ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் ஒரு பட்டியல் கொடுத்து, உங்களுக்கு வேண்டாதவற்றில் குறுக்குக் கோடு போடுங்கள் என்றோம். எல்லாரும் கோடு போட்டார்கள், பக்கத்துத் துறை இதழ்களில்.

அதே 1991-இல்தான் எல்சேவியர் பெர்கமானை விலைக்கு வாங்கியது. பெரிய மீன் இன்னும் பெரிதாயிற்று. மூளையைப் பற்றிய ஒரு ஆய்விதழின் ஆண்டுச் சந்தா பின்னால் 20,000 டாலரைத் தாண்டி நூலகர்கள் மத்தியில் பழமொழிபோல ஆகிவிட்டது. 1980-களின் நடுவிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை அமெரிக்க ஆய்வு நூலகங்களே ஒரு இதழுக்குக் கொடுத்த சராசரி விலை மும்மடங்காயிற்று என்றால் நம் கதையைக் கேட்கவேண்டாம்.

அதே 1991 ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் லாஸ் அலமோசில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், கட்டுரைகளை அச்சாகும் முன்பே யாரும் எடுத்துப் படிக்கும்படி ஒரு கணினியில் போட்டு வைக்க ஏற்பாடு செய்தார். ஆர்க்கைவ் என்று இன்று பேர் பெற்றது. ரீபிரிண்ட் அட்டையின் வேலையைத் தபால் தலை இல்லாமல் செய்தது அது.

பிறகு காகிதம் போய் மின்னிதழ் வந்தது. அலமாரி மிச்சம் என்று மகிழ்ந்தோம். ஒரு பதிப்பகத்தோடு நான்கு வருஷம் மின் சந்தா கட்டி, ஐந்தாம் வருஷம் பணமில்லாமல் நிறுத்தினோம். நிறுத்திய மறுநாள் அந்த நான்கு வருஷமும் திரையிலிருந்து போய்விட்டது. காகித இதழ் என்றால் சந்தாவை நிறுத்தினாலும் பழைய வால்யூம் பைண்டு செய்தபடி அலமாரியில் இருக்கும். இது வாடகை வீடு; காலி செய்தால் ஆணிகூட நம்முடையது இல்லை. பேரத்துக்கு உட்கார்ந்த நாங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படிக்காமல் விட்டோம். அது எங்கள் தப்பும்தான்.

உள்ளூரில் விலை போடாத தாள்

இதே காலத்தில், உள்ளூர் என்றே பேர் கொண்ட திருவனந்தபுரத்துப் பகுதியில் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. 1971-இல் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் தொடங்கியது. பொருளியலாளர் கே. என். ராஜ் டெல்லியை விட்டு வந்து அமைத்தது, முதலமைச்சர் சி. அச்சுத மேனோனின் ஆதரவு இருந்தது. லாரி பேக்கர் செங்கல்லில் கட்டிய வளாகம், நடுவே கோபுரம்போல நூலகம். கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்கள் இன்றும் உண்டு. நான் போனதெல்லாம் அவர்களுடைய ஆய்வுத் தாள்களுக்காக.

ஒரு ஆய்வாளர் கருத்தரங்கில் வாசித்ததைச் சைக்ளோஸ்டைல் செய்து, வரிசை எண் போட்டு, சாதா அட்டை வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். கேரளத்தின் நிலச் சீர்திருத்தம், கயிறு, முந்திரி, மீன், வளைகுடாப் பணம், பிள்ளைப்பேறு, எல்லாம் அந்தத் தாள்களில் முதலில் வந்து, பிறகுதான் ஆய்விதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் போயின. மற்ற நிறுவனங்கள் தங்கள் வெளியீட்டை அனுப்பினால் இவர்கள் பதிலுக்கு அனுப்புவார்கள். பரிமாற்றம் என்று எங்கள் தொழிலில் அதற்குப் பேர், பண்டமாற்றுதான். இன்று எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. மையத்தின் இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதே ஆராய்ச்சியின் மெருகேறிய வடிவம் ஏதாவது ஒரு வெளிநாட்டு இதழில் காசு கொடுத்துப் பூட்டைத் திறக்கிற நிலையில் இருக்கலாம். மெருகில்லாத தாள் உள்ளூரில் சும்மா கிடைக்கும். இதழுக்குக் கொடுத்ததன் ஒரு பிரதியைத் தன் நிறுவனக் களஞ்சியத்தில் திறந்து வைப்பதற்கு, ஆய்வை யாரும் காசில்லாமல் படிக்கவேண்டும் என்கிற திறந்த அணுக்கக்காரர்கள் ‘பச்சை வழி’ என்று பேர் வைத்தார்கள். அவர்கள் புடாபெஸ்டில் கூடிப் பேசியதன் அறிக்கை வெளியானது 2002-இல். உள்ளூரில் சைக்ளோஸ்டைல் மை காய்ந்து அப்போது முப்பது வருஷம்.

இன்னொரு கதை வ. அய். சுப்பிரமணியம் அவர்களுடையது. வடசேரிக்காரர், 1926-இல் பிறந்தவர்; எங்கள் ஊர்ப் பக்கத்தில் வ.அய்.சு. என்றால் கொஞ்சம் பயம் கலந்த மரியாதை. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1957-இல் முனைவர் பட்டம் பெற்று வந்து, கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையை நடத்தி, 1963-இல் மொழியியல் துறையைத் தொடங்கினார். புறநானூற்றுச் சொல்லடைவை 1962-இல் வெளியிட்டார். ஒரு சொல் எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்று கணினி இல்லாத காலத்தில் அட்டை அட்டையாக எழுதி அடுக்கிய வேலை. 1971-இல் திராவிட மொழியியற் கழகம், 1972-இல் அதன் ஆங்கில ஆய்விதழ், 1977-இல் பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி. 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் போனபின்னும் இந்த மூன்றையும் விடவில்லை.

அந்த இதழ் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். உறுப்பினர் சந்தாவும் நூலகச் சந்தாவும்தான் அதன் சாப்பாடு. இதைச் சொல்லும் காரணம் உண்டு. எல்லா இதழையும் இலவசமாகத் திற என்று முழங்குகிறவர்கள், சந்தா வாங்குகிற இதழ் எல்லாம் கொள்ளைக்காரன் என்று ஒரே தராசில் போட்டுவிடுகிறார்கள். துளுவுக்கும் கோத்தர், தோடர் மொழிகளுக்கும் இலக்கணம் எழுதுகிறவர்களுக்கு இடம் கொடுக்கும் இதழை எந்தப் பெரிய கம்பெனியும் தொடங்காது. அங்கே சந்தா என்பது பிழைப்பு. நூற்றுக்கு முப்பதுக்கும் மேல் லாபம் பார்க்கிற கம்பெனியின் சந்தாவையும் இதையும் ஒரே சொல்லால் சொல்வது தமிழின் குறையோ ஆங்கிலத்தின் குறையோ தெரியவில்லை. எங்கள் நூலகத்தில் குறுக்குக் கோடு போடும் காலம் வந்தபோதெல்லாம் முதலில் வெட்டுப்பட்டவை இம்மாதிரி உள்ளூர்ச் சிற்றிதழ்கள்தான். பெரிய பதிப்பகம் மொத்தக் கட்டாகத்தான் விற்கும், ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. வெட்ட முடிந்ததை வெட்டினோம். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஐந்து லட்சத்தைக் கட்டினோம்.

டெக்

இனி மலயின்கீழ். இதற்கு முதலில் டொனால்ட் குனுத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞரிடம் போகவேண்டும். 1977-இல் தம் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி கண்றாவியாக இருந்ததால், கணக்குச் சமன்பாட்டை அழகாகக் கோக்கிற மென்பொருளைத் தாமே எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். எழுதி முடித்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கேரளப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கே. எஸ். எஸ். நம்பூதிரிப்பாட், அரைக்குலக் கோட்பாட்டில் உலகறிந்தவர், அதை இங்கே பரப்பினார். பேராசிரியரிடமிருந்து மாணவர்களுக்கும், மாணவர்களிடமிருந்து தொழிலுக்கும் அது வந்தது. சி. வி. ராதாகிருஷ்ணன் தொடங்கிய ரிவர் வேலி டெக்னாலஜீஸ், பிறகு எஸ்டிஎம் டாக்குமென்ட் எஞ்சினியரிங் (மலயின்கீழ் முகவரி அதனுடையதுதான்) என்று திருவனந்தபுரத்தில் டெக்கிலேயே ஆய்விதழ் கோக்கும் பட்டறைகள் வளர்ந்தன. 2002 செப்டம்பரில் உலக டெக் பயனாளர் மாநாடே இந்த ஊருக்கு வந்தது, 2011-இல் மறுபடியும்.

முதல் மாநாட்டுக்கு ஒரு வருஷம் முந்தி, 2001 ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து, தாம் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியச் சகோதர அமைப்பைத் தொடங்கி வைத்ததும் இங்கேதான். அறிவைப் பூட்டக்கூடாது என்ற பேச்சு மேடையில். பூட்டி விற்கப்போகிற இதழின் பக்கத்தை அழகாகக் கோக்கிற வேலை பட்டறையில். இரண்டிலும் பல முகங்கள் ஒன்றுதான். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அச்சுத் தொழிலாளி தான் கோக்கிற புத்தகத்தின் விலையைத் தீர்மானித்தது எந்தக் காலத்தில்?

எல்சேவியருக்காக இந்த ஊரில் எழுதப்பட்ட அந்த வார்ப்புரு, டெக் உலகத்து வழக்கப்படி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற உரிமத்தில் கிடைக்கிறது. வார்ப்புரு கட்டற்றது; அதில் ஊற்றிய கட்டுரைக்குப் பூட்டு. சென்னையிலும் புதுச்சேரியிலும்கூட இப்படிப் பட்டறைகள் உண்டு. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வெளியாகும் இதழ்களை ராத்திரி ஷிப்டில் தமிழ்ப் பிள்ளைகள் திருத்துகிறார்கள். ஆய்விதழ் விலை ஏறியதற்கு உற்பத்திச் செலவைக் காரணம் சொல்கிறபோது எனக்கு இந்தப் பிள்ளைகளின் சம்பளம் ஞாபகம் வரும்.

ராதாகிருஷ்ணன் சாயாஹ்ன என்ற அறக்கட்டளையையும் தொடங்கினார். ஜகதி முகவரி அதனுடையதுதான். மலையாள இலக்கியத்தை, எழுதியவர்களிடமும் வாரிசுகளிடமும் அனுமதி பெற்று, அதே டெக்கில் நேர்த்தியாகக் கோத்து, படைப்புப் பொதும உரிமத்தில் சும்மா வெளியிடுகிறது. சாயாஹ்னம் என்றால் மாலைப்பொழுது. பகல் உழைப்பில் சம்பாதித்து மாலையில் தானம் செய்கிற பழைய வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது. தமிழுக்கு இப்படிப் பக்கத்தின் அழகைப் பற்றியும் கவலைப்பட்டுக் கோத்துக் கொடுக்கிற கைகள் இன்னும் கூடுதலாக வேண்டும் என்று, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டத்தின் தொண்டினை மதித்துக்கொண்டே, ஒரு ஏக்கம்.

ஒரே சந்தா

வாசகனுக்கு இலவசம் என்ற கோஷம் ஜெயித்தபோது கம்பெனிகள் தோற்கவில்லை. ரசீதை வேறு முகவரிக்கு எழுதின, அவ்வளவுதான். படிப்பவன் கொடுக்கவேண்டாம், எழுதுபவன் கொடுக்கட்டும் என்று ‘தங்க வழி’ வந்தது. 2003-இல் பிளாஸ் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு தன் முதல் இதழைத் தொடங்கியபோது கட்டுரைக்கு 1,500 டாலர் வாங்கியது. நேச்சர் இதழ் 2021 முதல் திறந்த வெளியீட்டுக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய ரேட்டில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். ஒரு இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஒரு கட்டுரை வெளியிட ஏறக்குறைய இரண்டு வருஷம் பட்டினி கிடக்கவேண்டும். ஏழை நாட்டவருக்குத் தள்ளுபடி உண்டு, ஆனால் இந்தியா அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வராது. பூட்டு படிக்கிற வாசலிலிருந்து எழுதுகிற வாசலுக்கு மாறியது. அந்தச் சந்தில் காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கிற போலி இதழ்கள் புகுந்து, பதவி உயர்வுக்குப் புள்ளி தேடிய ஆசிரியர்களை மேய்ந்த கதையை இந்த மலரில் வேண்டாம்.

படிப்பவனிடமும் வாங்காமல் எழுதுபவனிடமும் வாங்காமல் நடத்துவதற்கு ‘வைர வழி’ என்று இப்போது பேர். பெங்களூரில் சி. வி. ராமன் 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி தன் இதழ்களை 1998 முதலே இணையத்தில் திறந்து வைக்கத் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் இதற்காகப் பல்லாண்டு ஊர் ஊராகப் பேசியும் எழுதியும் வந்தார். நூலகர் கூட்டங்களில் அவர் கட்டுரைகளின் ஜெராக்ஸ் கைமாறும். பக்கத்திலேயே கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் தன் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் போட்டு வழிகாட்டியது. கணபதி சாஸ்திரியின் இலாகாவுக்கும் இந்த வைரத்துக்கும் அதிக வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, அச்சகம் இல்லை என்பதைத் தவிர.

மத்திய அரசு வேறு வழி எடுத்தது. 2024 நவம்பர் 25-இல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், 1 கோடியே 80 லட்சம் பேர். காரியவட்டத்து மாணவனுக்கும் டெல்லி ஐஐடி மாணவனுக்கும் ஒரே கதவு. நான் வேலையில் இருந்தபோது இது வந்திருந்தால் துறைத் தலைவர்களின் வாசலில் பட்டியலோடு நின்றிருக்க வேண்டாம். நல்ல காரியத்தை நல்லது என்று சொல்லவேண்டும். கூடவே இது பெரிய வாடகை வீடு என்பதையும் சொல்லவேண்டும். மூன்று வருஷம் கழித்து வாடகையை யார் பேசுவார்கள், ஆணி யாருடையது?

கதவு நிறுவனத்தில் இருப்பவர்களுக்குத்தான். தக்கலைப் பக்கம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், என் மூத்த நண்பர், கல்வெட்டுப் பைத்தியம். என் வேலைக் காலத்தில் பஸ் பிடித்து வந்து தொல்லியல் வரிசையைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவார். ஒரு நாள் வேணாட்டுக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரை வேண்டும் என்றார். எங்கள் நூலகத்துக்குச் சந்தா இல்லை. திரையில் நாற்பது டாலர் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, “கல்லுல வெட்டினவன் துட்டு கேக்கலியே தம்பி” என்றார். அவருக்கு இப்போது எண்பத்தைந்து நடக்கிறது. 1 கோடியே 80 லட்சத்தில் அவரும் இல்லை, நானும் இல்லை.

தங்கை மகளின் கட்டுரை முதலில் அனுப்பிய இதழில் திரும்பி வந்தது, அது சகஜம். ஜகதி வார்ப்புருவிலிருந்து உருவி வேறொரு இதழின் வார்ப்புருவில் ஊற்றினாள். ஐந்து மாதம் கழித்து அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அச்சுப்படி திருத்தி அனுப்பச் சொல்லி வந்த மின்னஞ்சலுக்குக் கீழே கையெழுத்து, கேட்டால் சிரிப்பீர்கள், ஒரு தமிழ்ப் பெயர். திறந்த வெளியீடா, சந்தா வழியா என்று ஒரு படிவம் கேட்டது. திறந்த கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டுச் சந்தாக் கட்டத்தில் டிக் போட்டாள். நடுவர்கள் ஏற்ற தன் கையெழுத்துப் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் எப்போது போடலாம் என்று ஒப்பந்தத்தில் தேடிப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். வெளியான அன்று இணைப்பை அனுப்பினாள். அழுத்தினேன், உள்ளே நுழைய நிறுவனத்தின் பேரைக் கேட்டது. எனக்கு இப்போது நிறுவனம் கிடையாது. சொன்னதும், “இருங்க மாமா” என்று பிடிஎப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்.